இரண்டு இணைப்புகள்

விண்ணப்பம் வந்து சேர்ந்த நேரம் இரவு 11.42.
வேலை போன இருபத்தோராம் நாள்.
இன்னும் பதினெட்டு நிமிடம் போயிருந்தால்
தாமதத்துக்குத் தனியே காரணம் எழுதச் சொல்லியிருப்போம்,
தாமதத்துக்காக வேலை போனவளிடம்.

மெல்போர்ன், ஆணையத்தின் பதினோராவது மாடி.
கீழே டிராம் மணி.
காதில் ஹெட்செட், மேஜையில் கடிக்காத ஓர் ஆப்பிள்.
கடலுக்கு அப்பால் டாஸ்மேனியாவில், டெவன்போர்ட்டில்,
இரண்டு அறைகளில் இரண்டு தொலைபேசிகள்.
நான் யாரையும் பார்ப்பதில்லை.
பார்த்திருந்தால் எந்தப் பக்கம் சாய்ந்திருப்பேனோ.

கிளெனிஸ் போர்ட்டியஸ், ஐம்பத்து நான்கு வயது.
சால்மன் மீன் அறுக்கும் ஆலையில் பதினான்கு வருடம்.
மூன்றாம் முறையாக இருபது நிமிடம் பிந்திப் போனாள்.
அன்று மாலை குறுஞ்செய்தி:
நாளை முதல் வர வேண்டாம்.
கூடவே ஒரு கட்டைவிரல் படம்.
அந்தக் கட்டைவிரலைப் பற்றியே
முதல் பத்து நிமிடமும் பேசினாள்.

மேலாளர் ரஸ்ஸல் வாட்லி
இரண்டு எச்சரிக்கைக் கடிதங்களை
தேதியோடு வாசித்தார்.
ஓர் இடம் காலியானால் முப்பத்தொரு பேர்
கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும் என்றார்.
அதுவும் பொய்யில்லை.

தேய்ந்துபோன என் வாக்கியங்களை
இருவருக்கும் தனித்தனியே சொன்னேன்:
நான் தீர்ப்பு சொல்பவன் இல்லை.
யார் சரி என்று சொல்ல மாட்டேன்.
இங்கே முடியாவிட்டால் நாள் குறிப்பார்கள்,
ஆணையர் ஒருவர் கேட்பார்,
சத்தியம் செய்துவிட்டுப் பேச வேண்டியிருக்கும்.

பிறகு சுமக்கத் தொடங்கினேன்.
"சோம்பேறிக் கழுதை" என்றார் அவர்.
அவளிடம் போய்ச் சேர்ந்தது:
வருகைப் பதிவு பற்றி அவர்களுக்குக் கவலை உண்டு.
"வயிற்றில் அடித்துவிட்டுப் படம் வேறு அனுப்புகிறான்" என்றாள்.
அவரிடம் போய்ச் சேர்ந்தது:
செய்தி சொன்ன விதம் அவரைப் புண்படுத்தியிருக்கிறது.
வடிகட்டியில் தங்கிய சக்கையெல்லாம்
என் காதோடு.

எட்டு வாரச் சம்பளம் கேட்டாள்.
மூன்று என்றார்.
அவருடைய இணைப்பில் ஏதோ யந்திரம் நின்று, மறுபடி ஓடியது.
ஐந்தரை.
'நீக்கம்' என்ற சொல்லை எடுத்துவிட்டு
'ராஜினாமா' என்று எழுத ஒப்புக்கொண்டார்.
முடிந்தது என்று நினைத்து
ஆப்பிளை எடுத்தேன்.

"என் கத்தி" என்றாள்.
நாற்பதாம் எண் பெட்டியில் இருக்கிறது,
சொந்தக் காசில் வாங்கியது.

அவரிடம் கேட்டேன்.
முதல் முறையாக அவரிடம் பதில் இல்லை.
பிறகு, குரலை இறக்கி:
"புதிதாக வந்த பெண் அதைத்தான் பிடிக்கிறாள்.
நல்ல கத்தி."

இந்த ஒன்றை மட்டும் வடிகட்டவில்லை.
அப்படியே கொண்டுபோய் வைத்தேன்.

நெடுநேரம் மூச்சுச் சத்தம்.
"மூன்றாம் இடத்திலா நிற்கிறாள்?"
கேட்டுச் சொன்னேன். ஆமாம்.
"அங்கே குளிர்காற்று நேரே பிடரியில் விழும்."
மறுபடி மூச்சு.
"இருந்தாலும் கத்தி எனக்கு வேண்டும்."

ஒப்பந்தம் தட்டச்சு செய்தேன்.
பிரிவு ஒன்று, பணம்.
பிரிவு இரண்டு, ராஜினாமா.
பிரிவு மூன்று: எத்தரப்பும் தவறை ஒப்புக்கொள்ளவில்லை.
பிரிவு நான்கு: மீன் அறுக்கும் கத்தி ஒன்று,
மரப்பிடி, ஏழு நாட்களுக்குள்.

ஒன்றரைக்கு அடுத்த அழைப்பு,
குவீன்ஸ்லாந்தில் ஒரு கிரேன் ஓட்டுநர்.
அதற்குள்
கத்தியைத் தபாலில் அனுப்பலாமா என்று
தபால் விதிகளைத் தேடினேன்.
அனுப்பலாமாம்.
முனையை மட்டும் மூடிவிட வேண்டும்.